ஆள் தெரிய வேண்டுமா, கூட வேலை செய்திருக்க வேண்டுமா? வடசென்னையில் வேலை தேடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வியாசர்பாடியில் ஒரு படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறோம். ஐடிஐ முடித்தவர்கள், அம்பேத்கர் கலைக் கல்லூரியிலும் தியாகராயா கல்லூரியிலும் படிப்பவர்கள், பட்டறை வேலையை விட்டு வேறு பக்கம் போக நினைப்பவர்கள் என்று பலரும் வருகிறார்கள். கம்ப்யூட்டர் கற்கிறோம், ஏரியாவின் வரைபடத்தைத் திருத்துகிறோம், பழுதான மின்விசிறியைப் பிரித்துச் சரி செய்கிறோம். வேலைக்கு யாரையாவது பிடிப்பதா, இல்லை இப்படிக் கூடி வேலை செய்துகொண்டே இருப்பதா என்ற கேள்வி வாராவாரம் ஏதாவது ஒரு உருவில் வந்துவிடுகிறது. என் பதில்களை இங்கே சேர்த்து வைக்கிறேன்.

அறிமுகம் என்று எதைச் சொல்கிறீர்கள்? கூடி வேலை செய்வது என்று எதை?

உங்களை அறிந்த ஒருவர், உங்களை அறியாத ஒருவரிடம் உங்களைப் பற்றிச் சொல்வது அறிமுகம். சிபாரிசு, ரெஃபரல், "நம்ம பையன்தான் சார்" என்று ஒரு போன் எல்லாம் இதில் சேரும். சொந்தமோ சம்பளமோ கட்டிப்போடாதவர்கள் ஒரு பொதுக் காரியத்தைச் சேர்ந்து முடிப்பதைத்தான் கூடி வேலை செய்வது என்கிறேன். முதலாவதில் உங்களுக்காக வேறொருவர் பேசுகிறார். இரண்டாவதில் நீங்கள் செய்வதைப் பத்துப் பேர் நேரில் பார்க்கிறார்கள்.

ஆள் தெரிந்தால்தானே வேலை கிடைக்கிறது? அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளை எதற்குச் செலவழிக்க வேண்டும்?

ஆள் தெரிந்தால் வேலை கிடைக்கிறது என்பது உண்மை. எந்த ஆள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் வேலை மாறியவர்களிடம் அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்றும் கேட்டார். அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் 17 சதவீதம்கூட இல்லை. எப்போதாவது பார்ப்பேன் என்றவர்கள் 55 சதவீதத்துக்கு மேல். அரிதாகப் பார்ப்பேன் என்றவர்கள் கிட்டத்தட்ட 28 சதவீதம். 1973இல் அவர் எழுதிய கட்டுரை இன்றுவரை பேசப்படுகிறது. 2022இல் லிங்க்ட்இன் என்ற வேலைத் தொடர்புத் தளத்தில் 2 கோடிப் பேரின் தரவை வைத்து இதைச் சோதித்தார்கள். நெருங்கிய பழக்கம் உள்ளவர்களைவிடக் கொஞ்சம் தள்ளி நிற்கும் பழக்கக்காரர்கள் வழியாகத்தான் வேலை மாற்றம் அதிகம் நடந்தது. முகம் மட்டும் தெரிந்த, மிகக் குறைந்த தொடர்புள்ள ஆட்களும் அவ்வளவு உதவவில்லை.

காரணம் எளிது. உங்கள் தெருவில் இருப்பவருக்குத் தெரிந்த கம்பெனிதான் உங்களுக்கும் தெரியும். கொருக்குப்பேட்டையில் ஒருவருக்கு வெல்டர் வேலை காலி என்று தெரிந்தால் சாயங்காலத்துக்குள் முழுத் தெருவுக்கும் தெரிந்துவிடும். பெருங்குடியிலோ அம்பத்தூரிலோ என்ன காலி என்று சொல்ல வேறு வட்டத்து ஆள் வேண்டும்.

வேறு வட்டத்து ஆளை எங்கே போய்ப் பிடிப்பது? பெரிய பள்ளியில் படித்தவர்களுக்குப் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. அப்பா அதிகாரியாக இருந்தால் அப்பாவின் நண்பர்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு இரண்டும் கிடையாது. பொதுவான ஒரு வேலையில் இறங்கினால், அந்த வேலைக்காகவே மயிலாப்பூரிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் வருபவர்களோடு தோள் சேர்ந்து நிற்கிறோம். தள்ளி நிற்கும் பழக்கம் நமக்கு உண்டாவது இந்த இடத்தில்தான். ஞாயிற்றுக்கிழமையைக் கேட்பது அதற்காகத்தான்.

பெரிய ஆள் ஒருவர் சிபாரிசு செய்தால் போதாதா?

உள்ளே நுழைய அது உதவும். நுழைந்தபின் அந்தச் சொல்லுக்கு அதிக ஆயுள் கிடையாது.

வேலைக்கு ஆள் எடுக்கும் முறைகளில் எது பின்னால் அந்த ஆள் எப்படி வேலை செய்வார் என்பதைச் சரியாகக் காட்டுகிறது என்று, 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து ஷ்மிட், ஹண்டர் என்ற இரு உளவியலாளர்கள் 1998இல் கணக்கிட்டார்கள். அதே வேலையின் ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்ப்பதற்கு 0.54 வந்தது. பழைய முதலாளியிடம் விசாரிப்பதற்கு 0.26 வந்தது. (எண் ஒன்றை நெருங்க நெருங்கக் கணிப்பு துல்லியம்.) 2022இல் வந்த மறு ஆய்வு இந்த எண்களில் பலவற்றைக் குறைத்தது. அப்போதும் செய்யச் சொல்லிப் பார்க்கும் முறை முன்வரிசையில்தான் நின்றது.

நம் பட்டறைக்காரர்களுக்கு இது புதிய செய்தியே இல்லை. லேத் என்ற கடைசல் மெஷினுக்கு ஆள் வந்தால் "யார் அனுப்பினது?" என்று கேட்டுவிட்டு, அடுத்து கடைய வேண்டிய ஒரு ஜாபைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அளவு சரியாக வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் சம்பளப் பேச்சு.

கூடி வேலை செய்த இடத்திலிருந்து வரும் அறிமுகத்தில் இந்த இரண்டும் ஒன்றாக வந்துவிடுகின்றன. "இந்தப் பெண்ணை எனக்குத் தெரியும்" என்பதோடு, "ஆறு மாதம் என்னோடு இந்த வேலையைச் செய்தாள், சொன்ன தேதிக்கு முடித்தாள், தெரியாததைத் தெரியாது என்று கேட்டாள்" என்றும் சொல்ல முடிகிறது. கேட்பவருக்கும் நம்பிக்கை வருகிறது.

ரெஸ்யூமில் முகவரியைப் பார்த்ததுமே ஒதுக்கிவிடுகிறார்கள். இதற்குக் கூட்டு வேலை என்ன செய்யும்?

கோபமும் வருத்தமும் கலந்த கேள்வி இது. இரண்டுமே நியாயம். வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்று பார்த்ததும் கேள்வியின் தொனி மாறுவதை எங்களிடம் வருகிற பலர் அனுபவித்திருக்கிறார்கள்.

முகவரியைவிடப் பெயரைப் பற்றி உறுதியான ஆய்வு இருக்கிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும், ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் தனியார் வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். மொத்தம் 4,808 விண்ணப்பங்கள். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும், ஆதிக்க சாதி இந்துப் பெயரைவிட அழைப்பு குறைவாக வந்தது. 2007இல் வெளியான ஆய்வு. அதாவது, காகிதம் மட்டும் பேசும் இடத்தில் நாம் தோற்கடிக்கப்படுகிறோம்.

ஆகவே இந்தக் கட்டத்தில் அறிமுகத்தைக் கூச்சமில்லாமல் கேளுங்கள் என்றே சொல்வேன். ரெஸ்யூம் குவியலிலிருந்து உங்கள் தாளை ஒருவர் எடுத்து மேலே வைப்பது இரக்கம் காட்டுவதாகாது. ஏற்கெனவே சாய்ந்திருக்கும் தராசைக் கொஞ்சம் நிமிர்த்துவதுதான். அந்த ஒருவர் உங்கள் வேலையைப் பார்த்தவராக இருந்தால், மேலாளர் கேட்கும் இரண்டாவது கேள்விக்கும் அவரிடம் பதில் இருக்கும்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே லைனில் இருக்கிறார்கள். அங்கேயே போய்விடலாமே?

போகலாம், தப்பில்லை. துறைமுகம், ரயில்வே, மீன்பிடி, எண்ணூர் மணலி கம்பெனிகள் என்று தலைமுறையாக ஒருவர் கையைப் பிடித்து இன்னொருவர் உள்ளே போனதால்தான் பல குடும்பங்கள் பிழைத்தன.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மும்பை தாதர் பகுதிப் பள்ளிகளில் கைவன் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வைக்கும் ஆய்வு செய்து 2006இல் வெளியிட்டார்கள். உடலுழைப்பு வேலைகளில் வலுவான சாதி வலைப்பின்னல் இருந்த குடும்பங்களில் பையன்கள் மராத்தி வழிப் பள்ளிக்கும் அதே பழைய வேலைகளுக்கும் போனார்கள். அந்த வலைப்பின்னலில் இடமில்லாத பெண்பிள்ளைகள் ஆங்கில வழிப் பள்ளிக்குப் போய் வேறு வேலைகளை நோக்கி நகர்ந்தார்கள். தாங்கிப் பிடித்த கையே பையன்களை வேறு பக்கம் போகவிடவில்லை. மாமா வேலை வாங்கித் தருகிறார் என்றால் சேருங்கள், மாமாவுக்குத் தெரியாத ஒரு வட்டத்தையும் கூடவே வைத்திருங்கள்.

ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் உள்ளே ஆள் இருக்கிறார், பணம் கொடுத்தால் வேலை என்கிறார் ஒருவர். அதுவும் அறிமுகம்தானே?

இல்லை. மோசடி. ஐசிஎஃப் பயிற்சிப் பணியிடங்களுக்கு மதிப்பெண் அடிப்படையில் பட்டியல் போடுகிறார்கள். ரயில்வேயின் வழக்கமான பணியிடங்களுக்கு ஆர்ஆர்பி என்ற ரயில்வே தேர்வு வாரியத்தின் தேர்வு இருக்கிறது. பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வீட்டில் நகையை அடகு வைக்கப் பேச்சு எழுந்தால் எங்களிடமாவது வந்து சொல்லுங்கள்.

அறிமுகமும் கூட்டு வேலையும் சேர்ந்து பலித்ததற்கு நம் ஊரில் உதாரணம் உண்டா?

பெரம்பூரிலேயே உண்டு. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கியது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் நெசவாளிகளும் நூற்பாளிகளும்தான் அதன் உயிர். தலைவராக வந்த பி.பி. வாடியா அன்னி பெசன்ட் வட்டத்தைச் சேர்ந்த பிரம்மஞான சபைக்காரர். ஆலைக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவரிடம் போய்த் தொழிலாளர் குறைகளைச் சொல்லி, கையோடு பெரம்பூருக்கு அழைத்து வந்தவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும். இந்தப் பக்கத்து வியாபாரிகள். மதியம் சாப்பிடக்கூட நேரம் போதவில்லை என்பது அன்றைய குறைகளில் ஒன்று.

இது வெறும் அறிமுகமாக இருந்திருந்தால் வாடியா வந்து ஒரு கூட்டத்தில் பேசிவிட்டுப் போயிருப்பார். அதற்கு முன்பே அந்த இருவரும் வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்று ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார்கள். ஆன்மிகச் சொற்பொழிவுகளுக்காகத் தொழிலாளர்கள் அங்கே கூடிப் பழகியிருந்தார்கள். யார் சொன்னதைச் செய்வார், யாரை நம்பிப் பொறுப்பைக் கொடுக்கலாம் என்பது சபையில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. திரு.வி.க.வும் சங்கத்துக்குள் வந்தார். வெளியிலிருந்து வந்த பெரிய மனிதர்களின் பேச்சு ஊன்றி நிற்க ஒரு தளம் தயாராக இருந்தது. ஆலை 1996இல் மூடப்பட்டுவிட்டது. ஆலையைச் சுற்றி வளர்ந்த படிப்பகம், சங்கம், மன்றம் என்ற பழக்கம் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறது. எங்கள் படிப்பகமும் அந்த வழியில் வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

சரி, எந்த வேலையைக் கூடிச் செய்வது? எனக்குக் கோடிங் வராதே.

வர வேண்டியதில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம். நம் பகுதியில் ஆட்டோ நுழையாத சந்து எத்தனை, குடிநீர்க் குழாய் எங்கே, மழைக்கு எந்த இடம் முதலில் மூழ்கும் என்பது செயற்கைக்கோளுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இயங்குகிறது. ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. அந்தக் கட்டடத்தையும் அது போன்ற இடங்களையும் படமெடுத்துப் பொதுவில் வைக்கலாம். இந்த இரண்டிலும் நீங்கள் செய்த ஒவ்வொரு திருத்தமும் உங்கள் கணக்கின் பேரில், தேதியோடு அப்படியே இருக்கும். நேர்காணலில் திறந்து காட்டலாம்.

கம்ப்யூட்டரே பிடிக்காது என்பவர்களும் இருக்கிறார்கள். ரத்ததான முகாமில் பதிவு மேஜையைப் பார்த்துக்கொள்வது, படிப்பகத்துக்கு வயரிங் போடுவது, கேரம் போட்டியின் ஆட்ட அட்டவணையைத் தகராறில்லாமல் நடத்துவது எல்லாமே வேலைதான். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் வாளியால் அள்ளினார்கள். அது போன்ற நேரத்தில் யார் ஆட்களை முறை வைத்து அனுப்பினார், யார் கையுறைக்கு அலைந்தார் என்பது பக்கத்தில் நின்றவர்களுக்கு மறக்காது.

சேவை என்ற பேரில் இலவசமாக வேலை வாங்குகிறார்களே?

வாங்குகிறார்கள். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே இருப்பேன். கடைசியில் லாபம் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். நீங்கள் செய்ததை ஊரில் எல்லாரும் பயன்படுத்தலாம் என்றால் அது பொது வேலை. ஒரு கம்பெனி அதை விற்கிறது என்றால் அது சம்பள வேலை, சம்பளத்தைக் கேளுங்கள். பயிற்சி என்று சொன்னாலும், 1961ஆம் ஆண்டு பயிற்சியாளர் சட்டத்தின்கீழ் எடுக்கப்படும் பயிற்சியாளருக்கு உதவித்தொகை கொடுத்தாக வேண்டும்.

உங்கள் பெயர் எங்காவது பதிவாகிறதா என்றும் பாருங்கள். நாளை நீங்கள் விலகினால் முகம் கோணாமல் வழியனுப்புவார்களா என்றும் யோசியுங்கள். "எக்ஸ்போஷர் கிடைக்கும் தம்பி" என்று மட்டுமே ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டில் அரிசிக்குப் பணம் வேண்டிய நேரத்தில் சம்பள வேலைக்குத்தான் முதலிடம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும் எங்களுக்கு.

கூட்டத்தில் செய்வது நான், பேர் வாங்குவது வேறொருவர். என்ன செய்வது?

முறை வைக்காத இடத்தில் இது நடக்கத்தான் செய்யும். காசிமேட்டில் விசைப்படகு கரைக்கு வந்தால் ஏலத்தொகையிலிருந்து டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தை உரிமையாளரும் ஆட்களும் பங்கு போடுகிறார்கள். யாருக்கு எவ்வளவு என்பது கடலுக்குப் போகும் முன்பே எல்லாருக்கும் தெரியும். பொது வேலையிலும் யார் எதைச் செய்கிறார் என்று தொடக்கத்திலேயே எழுதி, முடிந்தபின் அதே பட்டியலோடு வெளியிடுங்கள். மேடையில் பேசும் வாய்ப்பைச் சுற்று வைத்துக் கொடுங்கள்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வடக்கே பழவேற்காடு ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. இறால் நன்றாகப் படும் இடங்களைக் குலுக்கல் போட்டு முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு மிக நேர்மையான ஏற்பாடு. ஆனால் அந்தக் குலுக்கலில் குறிப்பிட்ட ஊர்களின், குறிப்பிட்ட சமூகத்து மீனவர்களுக்கு மட்டுமே இடம். நெருக்கமாகச் சேர்ந்து உழைப்பவர்கள் தங்களை அறியாமலே கதவைச் சாத்திக்கொள்ளலாம். எங்கள் கூட்டத்திலும் பழைய ஆட்களே கூடிப் பேசிக்கொண்டிருந்தால் புதிதாக வரும் பெண் கதவோரமே நின்றுவிட்டுப் போய்விடுவாள். அதனால் ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவருக்குப் புதியவர்களோடு உட்காருவது மட்டும்தான் வேலை.

பெண்களால் மாலைக் கூட்டங்களுக்கு வர முடிவதில்லையே?

ஞாயிறு காலையில் கூடுங்கள், இருட்டும் முன் முடியுங்கள், ஒரு முறையாவது அம்மாக்களை அழைத்து வந்து இடத்தைக் காட்டுங்கள். ஆண்களின் அறிமுகங்கள் பாதி டீக்கடையில் நடந்துவிடுகின்றன. பெண்களுக்கு அந்த டீக்கடை கிடையாது. அவர்களுடைய வேலை பத்துப் பேர் கண்ணில் படுவதற்குப் படிப்பகம் போன்ற இடம் கட்டாயம் வேண்டும்.

ஒருவரிடம் அறிமுகம் எப்படிக் கேட்பது?

"ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க அண்ணா" என்று அனுப்பாதீர்கள். படிப்பவருக்கு என்ன செய்வதென்று புரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"அண்ணா, வணக்கம். நான் போன வருஷம் வரைபட வேலையில் உங்களோடு இருந்த மாணவி. தண்டையார்பேட்டைப் பகுதியை நான்தான் முடித்தேன், இணைப்பு கீழே. உங்கள் கம்பெனியில் டேட்டா என்ட்ரிக்கு ஆள் எடுப்பதாகப் பார்த்தேன். என் வேலையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எச்ஆரிடம் சொல்ல முடியுமா? முடியாவிட்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். ரெஸ்யூம் இணைத்திருக்கிறேன்."

யார், எதைச் சேர்ந்து செய்தோம், என்ன வேண்டும், மறுக்க வழி: எல்லாம் இதில் இருக்கின்றன. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் என்ன ஆயிற்று என்று அவருக்குத் திரும்பச் சொல்லுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அடுத்தவருக்காகப் பேச அவருக்கு மனம் வராமல் போவதற்கு இதுவே காரணமாகிவிடுகிறது.

கூட வேலை செய்யாத ஒருவர் என்னிடம் சிபாரிசு கேட்டால்?

தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். "எங்கள் தெருப் பையன், நல்ல குடும்பம், வேலை எப்படிச் செய்வான் என்று பார்த்ததில்லை, ஒரு டெஸ்ட் வைத்துப் பாருங்கள்." இதனால் அவனுக்குக் கெடுதல் இல்லை, உங்கள் வாக்குக்கும் பழுதில்லை. அவனை அடுத்த ஞாயிறு ஏதாவது வேலைக்குக் கூட்டி வந்துவிட்டால் இரண்டு மாதத்தில் முழு மனதோடு பேசலாம்.

எனக்கு 38 வயது. இருபது வருஷமாக லேத். இதெல்லாம் படிக்கிற பிள்ளைகளுக்குத்தானே?

உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் அண்ணே. எங்களிடம் கம்ப்யூட்டரில் முப்பரிமாண வரைபடம் போடத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வரைபடத்தை இரும்பில் கடைய முடியுமா, அளவு கூடக் குறைய எவ்வளவு டாலரன்ஸ் விட வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. நீங்கள் அதைச் சொல்லிக்கொடுங்கள், அவர்கள் உங்களுக்குச் சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) புரோகிராமின் அடிப்படையைக் காட்டுவார்கள். இப்போது படிப்பகத்தின் பழைய தையல் மெஷின் ஒன்றுக்குப் பாகம் கிடைக்காமல் கிடக்கிறது. காலிப்பரோடு ஞாயிறு காலை பத்து மணிக்கு வாருங்கள், அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.